லேசாகச் சுற்றிய சக்கரம்

குருவிநத்தத்தில் ஆற்றங்கரைக் கிணற்றுக்கு நாங்கள் ஆறு பேர் பங்கு போட்டு ஓர் ஆயில் எஞ்சின் வாங்கியிருந்தோம். அந்த வருஷம் அதைக் கெடுத்தவன் நான்தான். ஊரில் இதை எத்தனை முறை சொன்னாலும், "வுடு தங்கவேலு, மழ பேயல, நீ இன்னா பண்ணுவ" என்று ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. மார்கழியில் சம்பா பூத்து நின்றது. பூத்த நெல்லுக்குப் பத்து நாள் தண்ணீர் காட்டாவிட்டால் கதிர் இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. கிணற்றிலிருந்து வரும் வாய்க்கால் பச்சையப்பன் வயலில் தொடங்கி என் வயலில் முடியும். என்னுடைய அந்த ஒன்றரைக் காணிதான் எனக்கும் என் பெண்சாதி தையலம்மாளுக்கும் வருஷம் முழுக்கச் சோறு.

பூவெடுத்த மறுநாளே எஞ்சினில் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. சிலிண்டருக்கும் அதை மூடும் தலைக்கும் நடுவே வைத்து இறுக்குகிற வளையம் அது. கப்பலில் வரவேண்டிய சாமான், யுத்தத்தில் எங்கே கிடைக்கும்? வில்லியனூருக்கு வண்டி அனுப்பி மெக்கானிக் கௌஸ் பாஷாவை அழைத்துவந்தோம்.

அவர் ஒரு செம்புத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, வளையமாக வெட்டினார். எஞ்சினுக்குள் ஒரு ஈயக் கம்பித் துண்டை கிரீஸ் தடவி ஒட்டவைத்துத் தலையை மூடினார். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினார். மறுபடி கழற்றி, கம்பி எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்து உள்ளே இருக்கும் இடத்தை அளந்தார். அளவு பிடிக்கவில்லை. வேறு தகடு வெட்டினார். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாவது தகட்டுக்கு உச்சிவெயில் ஆகிவிட்டது.

"இன்னா பாய், நகையா செய்றீங்க?" என்றான் பச்சையப்பன்.

"இது ஆயில் எஞ்சின்பா. நெருப்பு வெக்க இதுல வேற ஒண்ணும் கெடையாது. காத்த நசுக்கற நசுக்குல ஒரு சூடு வரும் பாரு, அதுலதான் எண்ண புடிக்கும். தகடு தடிச்சா உள்ள எடம் கூடிப்பூடும், நசுக்கு பத்தாது. மெலிஞ்சா பிஸ்டன் போய்த் தலையில முட்டும்."

"ஒரு நூல் முன்னபின்ன இருந்தா இன்னா ஆயிடும்?"

"தல ஒரு நூல் தள்ளி ஒக்காந்தா, வால்வத் தட்டற கோலு எட்டாது. தொறக்க வேண்டிய நேரத்துக்குப் பின்னால தொறக்கும், மூட வேண்டிய நேரத்துக்கு முன்னால மூடிக்கும். அப்பறம் நேரம் கெட்ட எஞ்சின வெச்சிக்கினு நீ தலையிலதான் கைய வெச்சிக்கணும்."

கிளம்பும்போது மூன்று தடவை சொன்னார். சக்கரம் கனமாகத்தான் இருக்கும். முதலில் சின்னக் கைப்பிடியைத் தூக்கி உள்காற்றை விடவேண்டும். வேகம் வந்த பிறகுதான் அதை இறக்கவேண்டும். "மாட்டு வண்டிச் சக்கரம்னு நெனச்சிச் சுத்தாதீங்க" என்றார். அந்தப் பேச்சு எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று தண்ணீர் தொடை தண்டிக்குக் கொட்டியது, ஆனாலும் தைத்தது.

மறுநாள் காலையில் பச்சையப்பன் கைப்பிடியைத் தூக்காமலே சுற்றினான். சக்கரம் எதிர்த்து உதைத்து, மணிக்கட்டு பூசணிப் பிஞ்சாக வீங்கிவிட்டது. தப்பு தன்னுடையது என்று அவன் வாயிலிருந்து வரவில்லை. வீங்கிய கையோடு பாகூர் போய், ஏதோ ஆலையில் பிட்டராக இருந்தேன் என்று சொல்லித் திரிந்த சிங்காரவேலுவைக் கூட்டிவந்தான்.

"பாய் இறுக்கிப் போட்டுட்டாரு" என்றான் சிங்காரவேலு. செம்புத் தகட்டை எடுத்து எறிந்துவிட்டு, கல்நார் அட்டையை இரண்டு மடிப்பாக வெட்டி வைத்தான். ஈயக் கம்பி கிடையாது, அளவு கிடையாது. பம்புக்குப் போகும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, "இப்ப சுத்திப் பாருங்க" என்றான். சக்கரம் ஒரு கையில் சுற்றியது.

நாங்கள் மாட்டு வண்டியும், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையும் ஓட்டியவர்கள். அச்சுக்கு மை போட்டால் வண்டி லேசாகப் போகும், உருளைக்கு எண்ணெய் விட்டால் கவலை லேசாக வரும். லேசாக ஓடினால் சரியாக இருக்கிறது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த எஞ்சினியர் படிப்பு. லேசாகச் சுற்றுகிற எஞ்சினுக்குள் காற்று நசுங்கவில்லை, உள்ளே உயிர் இல்லை என்று எங்கள் ஆறு மண்டையில் ஒன்றுக்கும் எட்டவில்லை.

எங்கள் கிணற்றில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எஞ்சின் விஷயத்தில் கடைமடைக்காரன் சொல்வதுதான் முடிவு. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அவன் வயல் என்பதால் வைத்த நியாயமான ஏற்பாடு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கஞ்சி கொண்டுவந்திருந்த தையலம்மாள், "நேத்து நல்லாதான ஓடிச்சி? அத ஏன் கழட்டறீங்க?" என்று கேட்டாள்.

"ஒனக்கு இன்னாடி தெரியும்" என்றேன். சக்கரத்தை நானும் ஒரு கையால் சுற்றிப் பார்த்தேன். பாஷாவின் மாட்டு வண்டிப் பேச்சு நினைவுக்கு வந்தது. "இதுவே இருக்கட்டும்" என்று சொன்னேன். அப்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பெல்ட்டை மாட்டியதும் எஞ்சின் இருமியது. எண்ணெய்த் துணியைக் கொளுத்திக் காற்றுக் குழாயில் காட்டினால்தான் பிடித்தது. பிடித்தாலும் கரும்புகை கக்கிக்கொண்டு, பாரத்தை இழுக்கமாட்டாமல் நின்று நின்று போனது. கொம்யூன் ஆபீஸ் ரேஷன் சீட்டில் கிடைத்த எண்ணெயில் பாதி புகையாகவே போய்விட்டது. விரல் தண்டி வந்த தண்ணீர் பச்சையப்பன் வயலையும் அடுத்த வயலையும் தாண்டவில்லை. அட்டை ஊறினால் சரியாகிவிடும் என்று சிங்காரவேலு நாலு நாள் சொன்னான். ஐந்தாம் நாள் அவன் வரவில்லை. மேலும் மூன்று நாளை நான் ரோஷத்தில் கழித்தேன். பாஷாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் கவலை. வயல் வெடித்துக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் விடியும்போதே நடந்து வில்லியனூர் போனேன். நடந்ததைச் சொன்னேன். பாஷா திட்டியிருந்தால் தேவலை.

"பூத்து எத்தினி நாள் ஆவுது?" என்று மட்டும் கேட்டார்.

"பதினோரு நாள், பாய்."

அவர் என்னைப் பார்க்காமல் பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் உட்கார்ந்து புதுத் தகடு வெட்டி, ஈயக் கம்பி வைத்து, வால்வுக் கோல்களை நேரத்துக்குச் சரிசெய்தார். இருந்த மீதி எண்ணெயில் எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. மடைகளை எல்லாம் அடைத்துவிட்டு, தண்ணீரை நேரே என் வயலுக்கு விட்டார்கள். வெடிப்புகளில் அது சளசளவென்று இறங்கியது. பச்சையப்பன் வயலில் கதிர் மணி பிடித்துத் தலை சாய்ந்திருந்தது. என் வயலில் எல்லாக் கதிரும் வெளுத்து, நேராக நின்றது.

தையலம்மாள் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"இன்னும் ரெண்டு தண்ணி வுட்டா புடிச்சிக்கும், தங்கவேலு" என்றான் வரப்பில் நின்ற பச்சையப்பன்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. "மடைய அடைச்சிட்டு வா" என்றாள் என்னிடம். "ஈரத்துல ஆடு எறங்காது. மேய்ச்சிக்கச் சொல்லி ஆட்டுக்காரங்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

நேற்று நான் வில்லியனூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மண்வெட்டியை எடுத்துப் போய், வந்துகொண்டிருந்த தண்ணீரை நானே அடைத்தேன்.