மூன்றாம் பக்கத்து மூச்சு

இசைத்தட்டுக் கம்பெனியில் எனக்குப் பாட்டுக் கேட்கிற வேலை. "உங்களுக்கென்ன அண்ணி, உக்காந்த இடத்துல பாட்டு, கூடவே சம்பளம்" என்று நாத்தனார் பொருமுவாள். உண்மையில் நான் பாட்டே கேட்டதில்லை. ஜன்னல் இல்லாத அறை, ஒரு கிராமபோன், ஒரு நோட்டு. புதுத் தட்டுகளின் முதல் மாதிரிகள் என்னிடம் வரும். கரகரப்பு, கீறல், இரைச்சல் ஏதாவது இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, இருந்தால் 'கழிவு' என்று எழுதுவேன். எட்டு வருஷம் குறை கண்டுபிடித்தே பழகிய காது. வீட்டிலும் அதே காதுதான் என்பார் என் கணவர்.

அந்த வயலின் தட்டுகள் வந்த அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஒரே நீண்ட வாசிப்பைத் துண்டு போட்டு, மூன்று தட்டுகளின் ஆறு பக்கங்களில் பதிந்திருந்தார்கள். மூன்றாம் பக்கம் முடியப்போகிற நேரம், நாதம் மேலே மேலே ஏறி, இனி ஏற இடமில்லை என்கிற உயரத்தில் சட்டென்று நின்றது. அந்த நிசப்தத்தில் ஒரு மூச்சு. யாரோ காற்றை உள்ளே இழுக்கிற சத்தம், கடைசியில் லேசாகத் தொண்டை அடைத்தது. பிறகு வயலின் இறங்கி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நோட்டில் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

மேலாளரும் வந்து கேட்டார். "நடுவுல சத்தம் விழுந்திருக்குல்ல? தூக்கிப் போடுங்க."

"வாசிச்ச அம்மா போன மாசம் காய்ச்சல்ல போயிட்டாங்க சார். ரெண்டாவது தடவை வாசிச்சுப் பதிஞ்ச மெழுகுத் தட்டு விரிசல் விட்டுப் போச்சு. இதைத் தூக்கிப் போட்டா ஆறு பக்கமும் போச்சு."

"அதுக்கு நான் என்ன பண்றது? வாங்கறவன் கோளாறுன்னு திருப்பிக் கொண்டாந்து நிப்பான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் தட்டுக்கு உறை என்றால் வெறும் பழுப்புக் காகிதம். நடுவில் வட்ட ஓட்டை, ஓரத்தில் கிராமபோன் ஊசி விளம்பரம். உள்ளே இருக்கிற சங்கீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

"ஒரு சீட்டு அச்சடிச்சு உள்ள வைப்போம் சார். இது கோளாறு இல்லேன்னு நாமளே சொல்லிடலாம்."

"பாட்டுக்கு நோட்டீஸா?" என்று சிரித்தார். நான் இடத்தை விட்டு நகரவில்லை. "என்னமோ பண்ணுங்க. திரும்பி வந்தா உங்க தலைதான் உருளும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

'கழிவு' என்று எழுதியே பழகிய கைக்கு வேறு வார்த்தை வரவில்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் இவ்வளவுதான் தேறியது: 'மூன்றாம் பக்கத்தின் முடிவில் ஒரு மூச்சு கேட்கும். அது தட்டின் பழுது அல்ல. அந்த உயரத்தைத் தொட்டதும் வாசித்தவர் இழுத்த மூச்சு. அவர் இன்று நம்மிடையே இல்லை. ஊசியை மெல்ல வையுங்கள்.'

ஒரு தட்டுகூடத் திரும்பவில்லை. கடிதங்கள்தான் வந்தன. மூன்றாம் பக்கத்தை மட்டும் பதினோரு தடவை போட்டுக் கேட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு நாள் வயலின் வாசித்த அந்த அம்மாவின் கணவர் வந்தார். தையல்காரர். வீட்டில் கிராமபோன் கிடையாது, ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார். சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். என் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டேன்.

மூன்றாம் பக்கம். வயலின் ஏறியது, நின்றது. தட்டிலிருந்து அந்த மூச்சு வந்தது. அதே நொடியில் என் பக்கத்திலிருந்தும் வந்தது. அதே நீளம், கடைசியில் அதே தொண்டை அடைப்பு. என் காது ஏமாறாது. ஊசியைத் தூக்கிவிட்டேன்.

"நீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் இல்லாம அவ வாசிக்க மாட்டாம்மா. ஒலிப்பதிவுக்காரர் பாவம், யாருக்கும் தெரியாம கதவோரமா ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வெச்சார். இருபது வருஷமா அவ வாசிக்கறதைக் கேட்டுக்கிட்டேதான் துணி தைக்கிறேன். அன்னிக்குப் போன உயரத்துக்கு அவ அதுவரைக்கும் போனதே இல்லை. என்னையும் அறியாம..." சட்டைப்பையிலிருந்த சீட்டைத் தொட்டுக்கொண்டார். "அவ தட்டை நானே கெடுத்துட்டேனேன்னு தினம் செத்தேன். உங்க சீட்டைப் படிச்சப்புறம்தான் தூக்கமே வந்துது. அது அவ மூச்சாவே இருக்கட்டும்மா. மாத்திடாதீங்க."

நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் அந்த உயரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. கேட்டவர்தான் தவித்தார், அவள் நிதானமாக நின்றுவிட்டு இறங்கி வந்திருக்கிறாள். அப்பேர்ப்பட்டவளுக்கு மூச்சு வாங்கியதாக நான் அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறேன்.

"மாத்தித்தான் ஆகணும் ஐயா" என்றேன். "அவங்களுக்கு மூச்சே வாங்கலைன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எழுதுங்க."