மாமாவுக்குக் காய்ச்சல் இல்லை

என் கணவர் றொமேசுக்கு இருமலோடு நூற்றிமூன்று காய்ச்சல். கட்டில், கஞ்சி, காய்ச்சல் இறங்க அந்தோனியாருக்கு மெழுகுதிரி எல்லாம் கிடைத்தன. அதே இருமலோடு இருந்த அவருடைய அப்பா, என் மாமா லோறன்சுக்குக் காய்ச்சல் இல்லை. அதனால் அவருக்கு வலை கிடைத்தது. எங்கள் வீட்டில் காய்ச்சல் இல்லாதவர் இறால் பிடிக்கக் களப்புத் தண்ணீரில் இறங்கவேண்டும்.

மாமா வலையை முற்றத்து மணலில் வீசிவிட்டு, இறாலுக்குக் காத்திருந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், றொமேசின் காய்ச்சலையும் சொன்னோம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வைரஸ்தான்," என்றார் டொக்டர். "மகன்ர உடம்பு சண்டை பிடிக்குது, அதுதான் கொதிக்குது. வயசு போன உடம்பு லேசில கொதிக்காது, தலைதான் குழம்பும். இவரையெல்லோ முதல்ல கொண்டு வந்திருக்கவேணும்."

இரண்டொரு நாளில் மாமி வார்ட்டிலிருந்து போன் எடுத்தார்.

"பிள்ளை, மாமாவுக்குக் காய்ச்சல் வந்திட்டுது!"

றொமேஸ் கட்டிலை விட்டு எழும்பி, அந்தோனியாருக்கு நன்றியாக இன்னொரு மெழுகுதிரி கொளுத்தினார்.