முந்நூறு எண்ணும் வரை

1962 ஆனி மாதம், சாரல் இறங்கிய பத்தாம் நாள் என் இடது காதில் சீழ் வடிய ஆரம்பித்தது. விமானப்படையின் மருத்துவப் பரிசோதனைக்கு அப்போது இருபத்தாறு நாள் இருந்தது. அதில் தேறாவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், இன்னொரு வாய்ப்பு கிடையாது. காதை அறுத்து எறிந்துவிட்டுப் போகலாமா என்றிருந்தது எனக்கு. காதில்லாதவனை அவர்கள் எடுக்க மாட்டார்கள் என்பதுதான் தொல்லை.

எனக்கு வேண்டியது விமானம்கூட அல்ல, அதற்கும் மேலே. முந்தின வருஷம் ரஷ்யாக்காரன் ஒருவன் பூமியைச் சுற்றிவிட்டு வந்தான். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. பிறகு ஒரு வாரப் பத்திரிகையில், விண்வெளி வீரராகத் தயாராவது எப்படி என்று ஒரு பக்கக் கட்டுரை வந்தது. நூலகர் பார்க்காத நேரம் அதைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். தென்காசியில் வேறு யாருக்கும் அது பயன்படப் போவதில்லை.

முதலில் விமான ஓட்டியாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அதற்கு ஆள் எடுக்கும் விளம்பரம் வருகிறபோது வரட்டும் என்று இரண்டாவதிலிருந்து தொடங்கினேன். விளம்பரம் வந்து மனுப் போட்ட பிறகும் பழகுவதை விடவில்லை. தனிமையைத் தாங்கிப் பழக வேண்டுமாம். ஜன்னல் இல்லாத அரங்கு வீட்டுக்குள் நெல் மூட்டைகளோடு நாள் முழுக்க உட்கார்ந்தேன். மூன்றாவது, தலைசுற்றல். ஊஞ்சல் சங்கிலியை முறுக்கிவிட்டுச் சுற்றினேன். நான்காவதுதான் பெரிய விஷயம். ராக்கெட் கிளம்பும்போது ஐந்து நிமிடம், உடம்பின் எடை பல மடங்காகி அழுத்துமாம். அதைப் பழக ஏதோ எந்திரம் இருக்கிறதாம். எங்களுக்கு எதற்கு எந்திரம்? மூன்று மைல் தள்ளிக் குற்றாலத்தில் பேரருவி விழுகிறது.

அருவியில் குளிக்கத் தெரிந்தவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பிடரியிலும் தோளிலும்தான் தண்ணீரை வாங்குவான். நான் நிமிர்ந்து நின்று மண்டையிலேயே வாங்கினேன். முதல் நாள் நாற்பது எண்ணுவதற்குள் மூச்சு முட்டியது. அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிற தங்கசாமி அண்ணாச்சி சத்தம் போட்டார்.

"ஏலே, குனிஞ்சு நில்லுலே. நீ என்ன அருவியோட சண்டைக்கா வந்திருக்கே?"

அவருக்கு ராக்கெட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் இருநூற்று நாற்பதை எட்டியபோது இடது காதுக்குள் ஏதோ டப்பென்றது. வலியில் உயிர் போனது. புத்தி இருக்கிறவன் அத்தோடு நிறுத்தியிருப்பான். ஐந்து நிமிடத்துக்கு இன்னும் அறுபதுதான் பாக்கி என்று நான் மறுநாளும் போனேன். முந்நூறு எண்ணிவிட்டுத்தான் வெளியே வந்தேன். அன்று சாயங்காலம் சீழ் வந்தது.

வீட்டில் நானும் அக்காவும்தான். அப்பா இறந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து வடிவாம்பாள் அக்காதான் என்னைப் படிக்க வைத்தாள். தலையணை உறையை மோந்து பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இது எத்தன நாளா வருது?"

"யார்ட்டயும் சொல்லீராதக்கா. டாக்டர்ட்ட போனா சீட்டுல எழுதிருவாரு. அது எப்படியாச்சும் அவங்களுக்குத் தெரிஞ்சிரும்."

அன்று என் பேச்சை அவள் கேட்டிருக்கக் கூடாது. கேட்டாள். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி, சூடு ஆறியதும் காலையும் மாலையும் காதில் விட்டாள். அது வீணாகப் போய்விடக் கூடாதே என்று நான் தலையைச் சாய்த்தபடியே நாழிக்கணக்கில் கிடப்பேன்.

முந்தின வருஷம் போய்வந்த ஒருவன் பரிசோதனையைப் பற்றிச் சொல்லியிருந்தான். டாக்டர் முதுகுக்குப் பின்னால் தள்ளி நின்று ஏதாவது எண்ணைக் கிசுகிசுப்பார், ஒரு காதைப் பொத்திக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். அதை நாங்கள் தினமும் பழகினோம். அக்கா அடுப்படி வாசலில் நின்று சொல்லுவாள். வலது காதுக்கு எல்லாம் கேட்டது. இடது காதுக்கு ஒன்றுமில்லை. அவள் ஒவ்வோர் அடியாகக் கிட்டே வந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் என் பின்னால் மூன்றடியில் நின்று சொன்னாள்.

"நாப்பத்தேழு" என்றேன் நான்.

"கேக்குதுல்லா. பூண்டெண்ண புடிச்சிருக்குலே" என்று அக்கா சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குக் கேட்கவில்லை. அவள் எப்போதும் நாற்பத்தேழில்தான் தொடங்குவாள்.

சென்னையில் என் கண்ணையும் நெஞ்சையும் காலையும் அளந்து, எல்லாம் சரி என்று எழுதினார்கள். மூச்சை அடக்கச் சொன்னபோது மற்ற எல்லாரையும்விட அதிக நேரம் அடக்கினேன். கிசுகிசுப்பிலும் தப்பித்தேன். வலது காதைப் பொத்துவதுபோல் விரலைச் சும்மா வைத்திருந்தேன். அவ்வளவுதான், தேறிவிட்டோம் என்று நினைத்தபோது மலையாளத்து டாக்டர் ஒருவர் சின்ன விளக்கோடு வந்து காதுக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஓட்டை விழுந்திருக்கு. எங்க குளிச்ச?"

"குற்றாலம் சார். அருவியில."

"உள்ள என்ன ஊத்தின?"

"பூண்டெண்ண."

"தண்ணியும் எண்ணையும் படாம விட்டிருந்தா ஒருவேளை தானா மூடியிருக்கும். இப்ப அழுகிப்போயிருக்கு. வைத்தியம் பண்ணிட்டு அடுத்த வருஷம் வா."

"அடுத்த வருஷம் வயசு தாண்டிரும் சார்" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்தால் மனம் மாறுவார் என்று எப்படித்தான் நினைத்தேனோ. அவர் முழுவதும் படித்தார், கேலி செய்யவில்லை.

"இதெல்லாம் ஆளை எடுத்த பிறகு அவங்களே சொல்லிக்கொடுக்கிறது தம்பி. அதுவரைக்கும் நீ ஒண்ணுமே செய்திருக்க வேண்டாம்" என்றார்.

திரும்பி வருகிற ரயிலில் ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்தேன். எண்ணெய் விஷயம் அக்காவுக்குத் தெரியக் கூடாது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் வாசலிலேயே.

"கண்ணு சரியில்லன்னுட்டாங்கக்கா."

"கண்ணா?"

"ஆமா. காதெல்லாம் நல்லாருக்காம்."

அவள் சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாயை விரித்து, சுவரைப் பார்த்துப் படுத்தேன். மத்தியான வெயில் தரையில் கிடந்தது. வலது காது தலையணையில் அழுந்தியிருந்தது, இடது காது மேலே. வீடு நிம்மதியாக இருப்பதுபோல் தோன்றியது. அக்கா நான் சொன்னதை நம்பிவிட்டாள் என்றுதான் எண்ணினேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கலாம் என்று புரண்டேன். அக்கா என் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் நனைந்து கிடந்தது. உதடு எண்களைக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமாக்கா சொல்லுத?" என்றேன்.

"நீ படுத்ததுல இருந்து" என்றாள்.