ஆர்விட் ஹார்யுலாவின் நிற்காத பனிவண்டி

ஏரியின் பனிக்கட்டி உடையத் தொடங்கியபோது ஆர்விட் ஹார்யுலா இன்னும் தன் மோட்டார் பனிவண்டியைவிட்டு இறங்கவில்லை, பிப்ரவரியிலிருந்தே இறங்கவில்லை. அவருடைய பதினாறு வயது மகள் சென்யா, பூட்ஸ்கூடப் போடாமல் கரையோரமாக ஓடி, கரைக்கு வாங்கப்பா என்று தொண்டை கிழியக் கத்தினாள். வண்டி ஏரியைச் சுற்றும் ஊர்வலத் தடத்தைவிட்டு விலகாது என்பது அவளுக்கும் தெரியும். ஆர்விட் கையசைத்துவிட்டுப் பிளவைத் தாண்டி, திறந்த தண்ணீரில் ஏறினார். வண்டி மூழ்கவில்லை. தண்ணீரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மின்னசோட்டாவின் வடகோடியில் இருக்கும் அந்த ஊரில், பழைய பனிவண்டி என்றாலே வழியில் நிற்கும் வண்டி என்றுதான் அர்த்தம். தாத்தா காலத்து வண்டிகளைக் கொட்டகையிலிருந்து இழுத்துவந்து, பெயின்ட் அடித்து, சீட் தைத்து, குளிர்காலத்தில் ஏரியைச் சுற்றி ஊர்வலம் போவது பனிவண்டிச் சங்கத்தாரின் வழக்கம். திரும்பி வருமா என்று யாரும் கேட்பதில்லை. எங்கே நிற்கும் என்றுதான் கேட்பார்கள். நின்ற வண்டியைக் கட்டி இழுக்க ஆளுக்கொரு கயிறு கொண்டுபோவார்கள். முதல் வண்டி உயிரைவிடும் இடத்தில்தான் அடுப்பு மூட்டி மான்கறி சாசேஜ் சுடுவார்கள்.

போன வருடக் குளிர்காலத்தில் ஒரு நாள், துணைக்கு வேறு வண்டி எதுவும் இல்லாதபோது, ஆர்விட்டின் வண்டி நடு ஏரியில் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த சென்யா குளிர்காற்றில் பனிமேல் நடந்தே கரைசேர்ந்தாள். குளிரில் கருத்துப்போன அவளுடைய ஒரு கால்விரலை எடுக்கவேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் அவள் ஒன்றுதான் சொன்னாள்: "இனிமே நிக்காத மாதிரி பண்ணுங்கப்பா."

அவர் அந்தக் கோடை முழுக்க உட்கார்ந்து பண்ணினார். கார்புரேட்டரிலிருந்து கடைசி ஆணிவரை மாற்றினார். இந்த வருடம் பிப்ரவரி ஊர்வலத்தில் மற்ற வண்டிகள் மரியாதையாக ஒவ்வொன்றாக நின்றன, அவருடையது நிற்கவில்லை. சாயங்காலம் பெட்ரோல் தீர்ந்தது. வண்டி அதைக் கவனிக்கவில்லை. சங்கத் தலைவர் டுவேன் கொபெஸ்கி, இன்னும் நிற்காமல் மிச்சமிருந்த தன் வண்டியைப் பக்கத்தில் ஓட்டிப்போய், "டேய், நிறுத்துடா, சாசேஜ் ஆறிப்போகுது" என்றார்.

"இதுவா நிக்கட்டும்னுதான் காத்திருக்கேன்" என்றார் ஆர்விட்.

அதற்குள் டுவேனின் வண்டி புகைவிட்டு நின்றது. கயிறு கட்டி இழுத்துவந்தபோது அவர் முகத்தில் கௌரவம் குறையவில்லை.

மே மாதத்துக்குள் ஊர் பழகிவிட்டது. மீன்பிடிப்பவர்கள் அவர் தாண்டிப்போகும் நேரம் பார்த்துத் தூண்டிலைச் சுருட்டினார்கள். அரசாங்க ஆள் ஒருவர் வந்து, இனி இதைப் படகாகத்தான் பதிவுசெய்யவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சென்யாவின் அம்மா மார்சி, மீன் அள்ளும் வலையில் சாண்ட்விச்சை வைத்துப் படகுத்துறையிலிருந்து நீட்டுவாள். அழுத மகளிடம், "வேலைக்குப் போயிட்டிருந்தப்போ இவ்வளவு நேரம் பாத்ததில்லடி உங்கப்பாவ" என்றாள்.

ஜூலையில் சென்யா புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்துவதற்குச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்; அமுக்கிய கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். அப்பாவின் வண்டியிலும் அப்படி ஒன்று இருந்தது. சங்கத்தார் எல்லோரும் வருடாவருடம் தங்கள் வண்டிகளின் பொத்தானுக்கு ஆசையாகச் சிவப்புப் பெயின்ட் அடிப்பார்கள். ஆனால் வண்டி தானாகவே நின்றுவிடும் ஊரில் அதை அமுக்கிய ஆள் கிடையாது. அமுக்கவேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை. இப்போது சொன்னால் அப்பா ஆழத்தின் நடுவில் வைத்து அமுக்கி மூழ்கிவிடுவாரோ என்று பயந்து, அவள் கோடை முழுக்க வாயைத் திறக்கவில்லை. அம்மா சாண்ட்விச் நீட்டும்போது அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

டிசம்பரில் ஏரி மறுபடி இறுகியது. டுவேன் பனிக்கட்டியில் துளைபோட்டுப் பார்த்து, லாரியே போகலாம் என்றார். சென்யா தடத்தின் ஓரத்தில் காத்திருந்து, அப்பா வந்ததும் கூடவே ஓடினாள். சிவப்புப் பொத்தானை அமுக்குங்கப்பா என்று மூச்சுவாங்கச் சொன்னாள்.

ஆர்விட் குனிந்து பார்த்தார். வெட்கத்தில் அவருக்குக் காது சிவந்தது. கையுறையைக் கழற்றிக் கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தார். கரையில் சங்கத்தார் அடுப்பு மூட்டத் தொடங்கினார்கள். விரல் அமுக்கவில்லை. இன்ஜின் பூனை மாதிரி சீராக உறுமிக்கொண்டிருந்தது.

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்திட்டா, மறுபடி ஸ்டார்ட் ஆகுமாடி?"