களப்பின் பதினொரு மாதம்

பொலிஸ்காரர் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கியபோது பாட்டு பாதிச் சொல்லில் நின்றது. புத்தளம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தச் சின்னக் கடையில், ஃபோன்களுக்கும் மெமரி கார்டுகளுக்கும் பாட்டு ஏற்றிக் கொடுத்துத்தான் சுஹைர் ஏழு வருடமாகக் குடும்பத்தைப் பார்த்து வந்தான். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு உம்மாவின் இடுப்பில் வந்தவன். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தபின் ஊருக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவனிடம்தான் பாட்டு வாங்கினார்கள். அது களவு என்று கொழும்பில் ஒரு பாட்டுக் கம்பனி முறைப்பாடு செய்திருந்தது. கணினியை ஜீப்பில் ஏற்றியதைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்குக் கடையின் நினைவு வரவில்லை. கமீலாவுக்கு என்ன சொல்வது என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

கமீலா அரசாங்க ஆய்வு ஒன்றில் வேலை செய்தவள். கடலோடு சேர்ந்த புத்தளம் களப்பில், உச்சமுனைப் பக்கம் தோணியில் போய், தண்ணீருக்குள் மைக் இறக்கி, மீன்களும் இறால்களும் எழுப்பும் சத்தத்தைப் பதினொரு மாதம் பதிவு செய்திருந்தாள். எந்த மாதத்தில் மீன் குஞ்சு பொரிக்க வருகிறது என்று தெரிந்தால், அந்த மாதத்துக்கு மட்டும் வலையை நிறுத்தினால் போதும். வருடம் முழுக்கத் தடை என்று மீனவர்கள் தலையில் கை வைக்க வேண்டியதில்லை. இடையில் ஆய்வுக்கான பண ஒதுக்கீட்டை மேலிடம் வெட்டிவிட்டது. அவளுடைய மடிக்கணினியைத் திருப்பி வாங்கி, உள்ளே இருந்ததை அழித்து, வேறு பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முதல் நாள்தான் அவள் சுஹைரின் கடைக் கணினியில் ஒரு பிரதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது ஒதுக்கீட்டை மறுபடி பரிசீலிக்கிறோம், மாத முடிவுக்குள் பதிவுகளைத் தாருங்கள் என்று கடிதம் வந்திருந்தது.

சுஹைரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவள் அவள். விஷயத்தைக் கேட்டதும், "அழிச்சிட்டாங்களா நானா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் இல்ல தங்கச்சி. கேஸ் முடிஞ்சா முழுசா அழிப்பாங்களாம்."

சிலாபத்திலிருந்து வந்து வழக்குப் பேசும் சட்டத்தரணி யூஜீனியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விளங்கப்படுத்தினார். "சொந்தப் பாவனைக்கு ஒருத்தர் ஒரு பிரதி எடுக்கச் சட்டத்தில இடம் இருக்கு. அதைப் பிடிச்சு வாதாடலாம், ஒரு வருசம் இழுக்கும். ஆனா நீங்க வித்திருக்கிறீங்க. குத்தத்தை ஒத்துக்கொண்டா அண்டைக்கே முடியும். பாட்டை மட்டும் அழிச்சு, மற்றதை விடச் சொல்லி நான் கேப்பன். ஆனா ஒண்டு, உங்கட பேர்ல குத்தம் பதியலாம்."

குற்றம் பதிந்தால் பொலிஸ் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாவிட்டால் கட்டாருக்கு வேலைக்குப் போக முடியாது. கடை இனி ஓடாது என்று தெரிந்த நாளிலிருந்து அவன் மனதில் இருந்த ஒரே வழி அதுதான். வழக்கை இழுத்தடித்தால் எப்படியாவது தப்பிக்கலாம். அதற்குள் கமீலாவின் மாதம் முடிந்துவிடும். கடைக்காரனை நம்பி ஒருத்தி தன் பதினொரு மாத உழைப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ரசீதுகூடக் கேட்கவில்லை.

"ஒத்துக்கிறன் மிஸ்," என்றான்.

சுஹைர் கூண்டில் ஏறிக் குற்றத்தை ஒத்துக்கொண்டான். நீதவான் ஆய்வுக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கமீலாவை எழும்பச் சொல்லி, தண்ணீருக்குள் மீன் சத்தம் போடுமா என்று கேட்டார். "ஓம் சேர், சில வேளை எங்களைவிடக் கூடப் போடும்," என்று அவள் சொன்னதும் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முதல் தடவை என்பதால் எச்சரித்து விடுவிப்பதாகவும், குற்றம் பதியவில்லை என்றும், பாட்டுகளை அழித்து ஆய்வுப் பதிவுகளை உரியவரிடம் கொடுக்கும்படியும் கட்டளை வந்தது. சுஹைருக்குக் கடைசிச் சொற்கள் சரியாகக் கேட்கவில்லை. யூஜீனியா தோளில் தட்டிய பிறகுதான் கூண்டிலிருந்து இறங்கினான்.

பதிவுகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றி எடுத்துக்கொண்டு கமீலா அப்படியே கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ஒதுக்கீடு கிடைக்குமா என்று அவளுக்கும் தெரியாது. பஸ் படியில் நின்று, "நானா, பசிச்சா சாப்பிடுங்க, காலையில இருந்து ஒண்டும் சாப்பிடல்ல நீங்க," என்று கத்தினாள்.

மச்சான் றஊப் முச்சக்கர வண்டியோடு வெளியே காத்திருந்தான். வெறுமையான கணினியை மடியில் வைத்துக்கொண்டு சுஹைர் ஏறினான். உப்பளங்களைத் தாண்டி வந்த காற்று முகத்தில் அடித்தது. வண்டி கிளம்பியதும் ரேடியோவில் ஒரு பாட்டு தொடங்கியது. றஊப் பதறிப்போய் அதை நிறுத்தக் கை நீட்டினான்.

"கிடக்கட்டும் மச்சான்," என்றான் சுஹைர், "அது ரேடியோ."

சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்தது. றஊபும் சிரிக்கத் தொடங்கினான். சிரித்ததில் வண்டி ஒரு பக்கம் இழுபட, எதிரே சைக்கிளில் வந்த மீன்காரர் பெட்டியோடு ஓரத்தில் இறங்கி, இரண்டு பேரையும் வைதுகொண்டே வழி விட்டார்.