கதிர்காமநாதன் பெயரில் முப்பத்தொன்று

பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்பவர் தன் ஆய்வை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிக் காட்ட வேண்டுமாம். 1997இல் எங்கள் பல்கலைக்கழகத்தைப் பிடித்த புதுப் பைத்தியம் இது. எண்ணுவதற்கு நூலகத்தில் மேற்கோள் சுட்டித் தொகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றும் செங்கல் கனம். எழுத்தோ எறும்பு முட்டை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். யோகநாதன், கே.: இரண்டு. குறைந்தது இருபது வேண்டும்.

நாற்பத்தாறு வயதில், கொழும்பு வெள்ளவத்தையில், கரையோர ரயில் போகும்போதெல்லாம் யன்னல் நடுங்கும் ஓர் அறையில், அந்த இரண்டோடு மூன்று நாள் இருந்தேன். சொல்லிப் புலம்ப ஆளில்லை. கலியாணம் செய்யவில்லை. வீட்டுக்காரர் என்னோடு பேசுவது, வடக்கிலிருந்து வந்த தமிழன் இங்கே தங்கியிருக்கிறான் என்ற பொலிஸ் பதிவைப் புதுப்பிக்கும் நாளில் மட்டும். தனிமை பழகிவிட்டது என்று சொல்லித் திரிவேன். சுத்தப் பொய்.

எனக்கென்று இருந்தது சனிக்கிழமை வேலை ஒன்றுதான். 95 ஐப்பசியில் ஆமி நெருங்கி வர, யாழ்ப்பாணம் முழுக்க ஊரைவிட்டு வீதிக்கு வந்தபோது சனத்தோடு சனமாக நடந்த அப்பாவை அதன் பிறகு எவரும் காணவில்லை. அன்றிலிருந்து செஞ்சிலுவைக் காரியாலயத்துக்கு வரும் பெயர்ப் பட்டியல்களில் விரலை வைத்துத் தேடுகிறேன். கதிர்காமநாதன். கண் அந்தப் பெயருக்கே பழகிப்போயிற்று.

நாலாம் நாள் அதே தொகுதியை மறுபடி புரட்டினேன். கண் தானாகப் போய் ஓரிடத்தில் நின்றது. கதிர்காமநாதன், வை.: முப்பத்தொன்று.

அப்பா கிடைத்துவிட்டார் என்றே நினைத்தேன். படித்தவன் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைத்தேன்.

பிறகுதான் விளங்கியது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இங்கிலாந்துக்குப் படிக்கப் போனபோது படிவத்தில் அதைக் கேட்ட கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஐந்து வருடம் அங்கே எல்லாருக்கும் நான் கதிர்காமநாதன்; யோகநாதன் வெறும் 'வை' என்ற ஆங்கில எழுத்தாகச் சுருங்கியது. ஊர் திரும்பி யோகநாதன் ஆனேன். யாழ்ப்பாணக் கிணறுகளில் தோட்டத்துக்குப் போடும் பசளையின் நஞ்சு ஏறுவதைப் பற்றி அங்கிருந்து எழுதிய கட்டுரைதான் உலகம் வாசித்த என் ஒரே கட்டுரை. அது அப்பாவின் பெயரில் ஓடியிருக்கிறது.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி கொண்டுவந்தால் முப்பத்துமூன்று என்று போடலாம் என்றார்கள் பல்கலைக்கழகக் காரியாலயத்தில். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

சத்தியக்கடதாசிக்கு ஒப்பமிடும் சமாதான நீதவான் இஸ்ஸதீன் காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருந்தார். இந்தக் காலத்தில் சமாதானம் எங்கே விற்கிறது என்று கேட்க வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். தட்டச்சு செய்த தாளை நீட்டினார்.

'மேற்படி ஆய்வைச் செய்த கதிர்காமநாதன் என்பவர் நானே. அப்பெயருடைய வேறெவரும் அதில் சம்பந்தப்படவில்லை.'

பேனை நின்றுவிட்டது. இருபத்துநாலு மாதம், மாதம் தவறாமல், பதினெட்டுக் கிணற்றுக்கும் சைக்கிளில் போய்த் தண்ணீர் அள்ளி, போத்தலில் திகதி எழுதி ஒட்டி, பார்சல் கட்டி எனக்கு அனுப்பியவர் அப்பா. தபாலதிபராக இருந்தவர், ஒரு போத்தல்கூட உடைந்து வந்ததில்லை. கட்டுரையின் கடைசியில் ஆய்வுகூட உதவியாளருக்கும் புலமைப்பரிசில் தந்தவர்களுக்கும் தட்டச்சு செய்த பெண்ணுக்கும் நன்றி போட்டேன். அப்பாவுக்குப் போடவில்லை. எங்கள் சனம் பெற்றவர்களுக்கு நன்றி சொல்லாது. சொன்னால் பிறத்தியாராக்கினது போல. அப்படி நினைத்து விட்டுவிட்டேன்.

"இந்த ரெண்டாவது வசனத்தை வெட்டலாமோ?" என்றேன்.

"ஏலா சேர். எல்லாருக்கும் அடிக்கிற வசனம். வெட்டினா ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க. சும்மா சைன் வைங்க."

"சும்மா வைக்கேலாது. அவர் சம்பந்தப்பட்டவர்."

"யாரு சேர்?"

"கதிர்காமநாதன்."

"அது நீங்கண்டு சொல்லித்தானே வந்தீங்க?"

தாளை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன். வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தில் இரண்டு என்றே எழுதிக் கொடுத்தேன். நேர்முகத்துக்கும் கூப்பிடவில்லை. பெரிய மனுசத்தனம் காட்டினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரிவாகவில்லை என்ற கடிதம் வந்த அன்று அறையில் இருந்து அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை, அப்பாவைத் தேடும் படிவத்தைப் புதிதாக நிரப்பித் தரச் சொன்னாள் செஞ்சிலுவை மேசையில் இருந்த பெண். பெயர், வயது எழுபத்தெட்டு, கடைசியாகக் கண்ட இடம். கடைசிக் கட்டத்தில், 'அடையாளம் காண உதவும் வேறு விபரம்'. எழுதிக் கொடுத்தேன்.

அவள் வாய்விட்டு வாசித்தாள். "'மகனுடைய ஆய்வுக்குப் பதினெட்டுக் கிணத்திலை தண்ணி அள்ளித் தந்தவர். அவருக்கு நன்றி.'" நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, இதை வைச்சு ஆளைக் கண்டுபிடிக்கேலாதே?"

"ஓம் பிள்ளை, தெரியும்" என்றேன். "இருக்கட்டும். முந்திப் போடாமல் விட்டிட்டன்."