அஞ்சை அமத்தினால்

காலையிலேயே கணினியின் மவுஸ் செத்துப்போனது. புதிதொன்று வாங்கி வருகிறேன் என்று மன்னாருக்குப் போன முதலாளி மூன்றரையாகியும் வரவில்லை. ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடையில் நான் தனி. கீபோட்டின் வலது ஓரத்து இலக்கங்களால் அம்புக்குறியை நகர்த்திக்கொண்டிருந்தேன். எட்டு மேலே, இரண்டு கீழே, நாலு இடது, ஆறு வலது, அஞ்சை அமத்தினால் கிளிக். ஒரு தட்டுக்கு மயிரளவு நகரும். தோள்மூட்டு கழன்றுவிடும்போல் வலித்தது.

கடைசியாக வந்தவர் லெட்சுமணன். சின்ன வயதில் மலையகத்திலிருந்து வந்தவர், கூலி வேலை. இப்போதுள்ள இடத்தில் வீடு போட்டு ஆறு வருடம். காணி அனுமதிப்பத்திர விண்ணப்பம் நாலு மணியோடு மூடப்படுகிறது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் வீடு இருக்கும் இடத்தை ஒரு தரம் கிளிக் செய்ய வேண்டும். பிறகு மாற்ற முடியாது. இடம் பிழைத்தால் யாரோ ஒருவரின் காணிக்கு விண்ணப்பித்ததாகிவிடும்.

“குளக்கட்டுல இருந்து நேரா கீழ வா புள்ள. இப்ப வலப்பக்கம்.”

ஆறை அமத்திப் பிடித்தேன். அம்பு வயலுக்குள் போனது.

“இது நம்ம எடம் இல்லியே.”

திரும்பக் குளக்கட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்கினேன். மறுபடியும் வயல். எரிச்சலாக வந்தது. அவரில் இல்லை, நாள் முழுக்க இப்படி ஊர்ந்ததில். பிறகுதான் விளங்கியது. மனுசன் படம் பார்க்கவில்லை, வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். திரையில் கீழ்நோக்கி நடப்பவருக்கு வலது, எனக்கு இடது.

“ஐயா, எழும்பித் திரைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கோ. வீட்டுக்குப் போற மாதிரி நினைச்சுக் கையைக் காட்டுங்கோ.”

கை நீண்ட பக்கம் நாலு. அமத்தினேன். பழைய கிணறு ஒரு கரும்புள்ளியாக வந்தது. அதைச் சுற்றிப் பற்றைக்காடு மட்டும்.

“வீட்டைக் காணேல்லையே ஐயா.”

திரும்பிக் குனிந்து பார்த்தார். “நாங்க வர்றதுக்கு முந்தி எடுத்த படமா இருக்கும். கெணத்துல இருந்து கீழ பத்து எட்டு வச்சா வாசல்.”

குளக்கட்டின் அகலத்தைக் கேட்டேன். குறுக்கே கடக்க அஞ்சு எட்டு வைக்க வேணும் என்றார். படத்தில் அது மூன்று தட்டு. கிணற்றிலிருந்து ஆறு தட்டுக் கீழே இறக்கினேன்.

மூன்று ஐம்பத்தாறு. “நீங்களே அமத்துங்கோ” என்று அஞ்சைக் காட்டினேன். எனக்குத் துணிவில்லை.

விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்து அஞ்சுக்குக் கொண்டுவந்தவர், இடையில் நிறுத்தினார்.

“வாசல்லயே நிக்குது புள்ள. இன்னும் ஒன்னு தட்டு. உள்ள போகட்டும்.”

இரண்டை ஒரு தரம் தட்டினேன். பற்றைக்குள் அம்பு மயிரளவு இறங்கியது. தாழ்வான வாசல்போலும். தலையைக் குனித்துக்கொண்டு, அஞ்சின்மேல் விரலை வைத்தார்.